வங்காளப் புலி அசுதோஷ் முகர்ஜி

கல்கத்தா ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி இருந்தார். பருத்த உடல். அடர்ந்த பெரிய மீசை. பகல் முழுவதும் வழக்குகளைக் கேட்பார், தீர்ப்புச் சொல்வார். கோர்ட்டு கலைந்ததும் பல்கலைக்கழக வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார். அங்கே அவர் துணைவேந்தர். அந்தக் காலத்தில் துணைவேந்தர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அந்த வேலையைத்தான் அவர் உயிராக நினைத்தார்.

அவர்தான் சர் அசுதோஷ் முகர்ஜி. "வங்காளப் புலி" என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

யார் முடிவு செய்வது?

மொரப்பூரில் இருந்து ஒரு பையன் பஸ் ஏறி, தர்மபுரிக்குப் போய்க் கல்லூரியில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். என்ன படிக்கிறான், எப்போது பரீட்சை என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால், அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? பரீட்சையை எப்படி நடத்துவது என்று முடிவு செய்தது யார்? இதை யாரும் கேட்பதில்லை.

அதிகாரிகள் முடிவு செய்யலாம். பணம் கொடுப்பவர்கள் முடிவு செய்யலாம். அல்லது, தினமும் வகுப்பில் நின்று பாடம் சொல்லும் ஆசிரியர்களே கூடிப் பேசி முடிவு செய்யலாம். ஆசிரியர்களே முடிவு செய்யட்டும் என்று 100 ஆண்டுகளுக்கு முன்பே வழி செய்தவர் அசுதோஷ்.

கணக்கில் புலி

அசுதோஷ் 1864-ம் ஆண்டு ஜூன் 29-ந்தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கங்கா பிரசாத் முகர்ஜி ஒரு டாக்டர். சிறு வயதிலேயே அசுதோஷுக்குக் கணக்கு என்றால் கொள்ளை ஆசை. 1885-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டே விஞ்ஞானத்திலும் எம்.ஏ. தேறினார். கணித ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதினார். பிறகு சட்டம் படித்து, அதில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1904-ல் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார்.

1889-லேயே அவர் பல்கலைக்கழகத்தின் செனட்டில் உறுப்பினர். செனட் என்பது பல்கலைக்கழகத்தின் பெரிய சபை.

கர்சானின் சட்டம்

அப்போது இந்தியாவின் வைஸ்ராய் கர்சான் பிரபு. 1904-ல் பல்கலைக்கழகங்களுக்காக அவர் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தார். அதன்படி கல்கத்தா செனட்டில் 100 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அவர்களில் 80 பேரை வேந்தரே நியமிப்பார். வேந்தர் யார்? வைஸ்ராயேதான்! பல்கலைக்கழகத்தை சர்க்காரின் கைக்குள் கொண்டுவரும் சட்டம் இது என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது. அதுவரை பல்கலைக்கழகத்தின் வேலை பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. இனிமேல் பல்கலைக்கழகமே ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று புதிய சட்டம் சொன்னது. அசுதோஷ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

1906-ல் அவர் துணைவேந்தர் ஆனார். 1914 வரை தொடர்ந்து 8 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். தாரக்நாத் பாலித், ராஷ் பிகாரி கோஷ் என்ற இரண்டு பெரிய வக்கீல்கள் லட்சக்கணக்கான ரூபாயை அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் விஞ்ஞானக் கல்லூரி எழுந்தது. 1914-ல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

ஆசிரியர் சபை

1917-ல் அந்தப் பெரிய மாறுதல் வந்தது. எம்.ஏ., எம்.எஸ்சி. வகுப்புகளை நடத்த இரண்டு கவுன்சில்கள் ஏற்பட்டன. ஒன்று கலைக்கு, மற்றது விஞ்ஞானத்துக்கு. அந்த வகுப்புகளில் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் எல்லோரும் கவுன்சிலில் உறுப்பினர்கள். பெரிய பேராசிரியருக்கும் இடம் உண்டு. இளம் விரிவுரையாளருக்கும் இடம் உண்டு.

ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக ஒரு குழு இருந்தது. என்ன பாடம், எந்தப் புத்தகம், எப்படிப் பரீட்சை என்று அந்தப் பாடத்தை நடத்துகிறவர்களே கூடிப் பேசினார்கள். அவர்களின் முடிவு கவுன்சிலுக்குப் போகும். அங்கிருந்து செனட்டுக்குப் போகும். மேலே இருந்து உத்தரவு இறங்கி வந்த இடத்தில், கீழே இருந்து யோசனை ஏறிப் போயிற்று.

1919-ல் வங்காளி முதலிய இந்திய மொழிகளையும் எம்.ஏ. பாடமாக எடுத்துப் படிக்க வழி பிறந்தது.

இரண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள்

நல்ல ஆசிரியர் எங்கே இருந்தாலும் அசுதோஷ் தேடிப் பிடிப்பார். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் அப்போது கல்கத்தாவில் சர்க்கார் கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. வேலை நேரம் போக, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். அவரைப் பேராசிரியராக வரும்படி அசுதோஷ் அழைத்தார். சம்பளம் குறைவு. ஆனாலும் ராமன் 1917-ல் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தார். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் மைசூரில் ஆசிரியராக இருந்தார். அவரை 1921-ல் தத்துவப் பேராசிரியராக அழைத்துக்கொண்டார். அந்த ஆசிரியர் 1962-ல் நாட்டின் ஜனாதிபதி ஆனார்!

பணமா, உரிமையா?

1921-ல் அசுதோஷ் மீண்டும் துணைவேந்தர் ஆனார். அப்போது பல்கலைக்கழகத்தில் பணமுடை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே திண்டாட்டமாக இருந்தது.

வங்காள சர்க்கார் இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் நிபந்தனைகள் போட்டது. வரவு செலவில் சர்க்காரின் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றது.

1922 டிசம்பரில் செனட் கூடியது. அசுதோஷ் எழுந்து பேசினார். சுதந்திரத்தை விற்று இந்தப் பணத்தை வாங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நிபந்தனைகளை ஏற்க செனட் மறுத்துவிட்டது.

அது சாதாரண முடிவு அல்ல. பணம் வராவிட்டால் துணைவேந்தருக்கு நஷ்டம் இல்லை, அவர் நீதிபதி. கஷ்டம் முழுவதும் ஆசிரியர்களின் குடும்பங்களுக்குத்தான். உரிமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள்.

1923 மார்ச்சில் கவர்னர் லிட்டன் பிரபு அசுதோஷுக்குக் கடிதம் எழுதினார். சர்க்காரை எதிர்க்காமல் ஒத்துழைத்தால் துணைவேந்தர் பதவியை நீட்டிப்பதாகச் சொன்னார். கவர்னர்தான் அப்போது வேந்தர். அசுதோஷ் உடனே காரமாகப் பதில் எழுதினார். பதவி வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

குறைகள்

அசுதோஷைக் குறை சொன்னவர்களும் உண்டு. சரித்திர ஆசிரியர் ஜாதுநாத் சர்க்கார் பல்கலைக்கழகத்தின் போக்கைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். எல்லா அதிகாரமும் அசுதோஷ் ஒருவர் கையிலேயே இருக்கிறது என்றும் பலர் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. துணைவேந்தராக இல்லாதபோதும் ஆசிரியர் கவுன்சில்களுக்கு அவரே தலைவர். புலி உட்கார்ந்திருக்கும் சபையில் எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆசிரியர்கள் கூடிப் பேசுவதற்கு அவர் சட்டப்படி ஓர் இடத்தை உண்டாக்கினார். அதனால் அவர் போன பிறகும் அந்த இடம் இருந்தது.

பாட்னாவில் முடிவு

ஐகோர்ட்டு வேலையில் இருந்து ஓய்வுபெற்றபின், அசுதோஷ் ஒரு பெரிய வழக்கில் வாதாடப் பாட்னா போனார். அங்கே நோயில் விழுந்தார். 1924 மே 25-ந்தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 59. உடலை ரெயிலில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்று நம் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பாடத்திட்டக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஆசிரியர்கள் உட்காருகிறார்கள். மொரப்பூர்ப் பையனின் பாடப் புத்தகம் அப்படி ஒரு குழுவில் பேசி முடிவானதுதான்.

குழு இருந்தால் மட்டும் போதாது. அங்கே ஆசிரியர் வாய் திறந்து பேசவேண்டும். அவர் சொல்வதை மேலே இருப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். அப்போதுதான் அசுதோஷ் தொடங்கிய வேலை நிறைவேறும். அதன் பலன் நம் பிள்ளைகளுக்கு!