நாய்க்கு முதலில், மனிதனுக்குப் பிறகு: லூயி பாஸ்டர் (1822 - 1895)

துபாய் கராமாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் பூனை வளர்ப்பவர்கள் அதிகம். ஆண்டுதோறும் ரேபீஸ் தடுப்பூசி போட்டு, நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே விதி. வீட்டுப் படி தாண்டாத பூனைக்கு ஊசி எதற்கு என்று பக்கத்து ஃபிளாட் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் லூயி பாஸ்டரின் வாழ்க்கையில், பள்ளிப் பாடம் சொல்லாமல் விட்ட பகுதியில் இருக்கிறது.

பிரான்சின் டோல் நகரில் 1822 டிசம்பர் 27 அன்று, தோல் பதனிடும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தார் பாஸ்டர். வளர்ந்தது ஆர்புவா என்ற சிற்றூரில். 1831-இல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் பலரைக் கடித்தது. கடிவாயில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுடுவதுதான் அன்றைய வைத்தியம். எட்டு வயதில் கண்ட அந்தக் காட்சியை அவர் மறக்கவில்லை என்கிறார்கள்.

அவர் படித்தது வேதியியல், மருத்துவர் அல்லர். ஐந்து குழந்தைகளில் மூவரைப் பறிகொடுத்தார். 1868-இல் பக்கவாதம் வந்து உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகுதான் கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ், ரேபீஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள்.

ரேபீஸைத் தடுக்க அவர் முதலில் நினைத்தது நாய்களுக்கு ஊசி போடத்தான். 1884-இல் அரசு அமைத்த குழு அவருடைய நாய்களைச் சோதித்து, அவை நோயைத் தாங்குவதை உறுதி செய்தது. ஆனால் நாட்டிலுள்ள லட்சக்கணக்கான நாய்களுக்கும் ஊசி போட ஆளும் இல்லை, அதற்கு வேண்டிய முயல்களும் இல்லை. கடிபட்ட மனிதனுக்கு நோய் வெளிப்படச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஊசி போடலாம் என்று திட்டத்தை மாற்றினார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைந்ததில் தொடங்கிப் படிப்படியாக வீரியம் மிக்கதைச் செலுத்துவது முறை.

1885 ஜூலை 6. நாய் பல இடங்களில் குதறிய ஒன்பது வயது ஜோசஃப் மைஸ்டரை அழைத்துக்கொண்டு தாய் வந்தாள். பாஸ்டர் ஊசி போடச் சட்டம் இடம் தராததால் டாக்டர் கிராஞ்சே போட்டார். பதின்மூன்று ஊசிகள். சிறுவன் பிழைத்தான், உலகம் கொண்டாடியது. ஆனால், மைஸ்டருக்குச் செய்த அதே முறையைக் கடிபட்ட நாய்களிடம் போதிய அளவு சோதிக்கும் முன்பே பாஸ்டர் துணிந்துவிட்டார் என்பதை, அவரது ஆய்வுக் குறிப்பேடுகளைக் கொண்டு ஜெரால்ட் கெய்சன் 1995-இல் எழுதினார். மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு அது நெருடுகிறது. ஊசி இல்லாவிட்டால் சாவு என்று எதிரே ஒரு குழந்தை நின்றதையும் மறக்க முடியவில்லை.

1895 செப்டம்பர் 28 அன்று பாஸ்டர் மறைந்தார். 1907-இல் அவர் பெயரில் குன்னூரில் நிலையம் எழுந்தது. ஆட்டு மூளையில் தயாரான பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியாகப் போடுவார்கள் என்று பயமுறுத்தித்தான் நம்மைத் தெருநாயிடம் அண்டவிடாமல் வளர்த்தார்கள். இந்தியா அந்த மருந்தைக் கைவிட 2005 ஆயிற்று.

பாஸ்டர் கைவிட்ட முதல் யோசனையை ஜப்பானியர் 1920-களில் கையிலெடுத்து, நாய்களுக்குக் கூட்டங்கூட்டமாக ஊசி போட்டார்கள். ரேபீஸால் சாகும் மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நாயிடமிருந்தே வருகிறது. நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் பரவல் அறுபடும் என்பது இன்றைய கணக்கு. பூனைக்கும் அது தொற்றும். திறந்த ஜன்னல் ஒன்று போதும். அறிகுறி தெரிந்த பின் காப்பாற்ற மருந்தில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பூனைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி.