குகைக்குள் ஒரு குருவானவர்



லேபில் ரீடிங் எடுக்கிறோம். தியரிப்படி வரவேண்டியது ஒன்று, மீட்டரில் வருவது வேறொன்று. நாம் என்ன செய்வோம்? பக்கத்து பேட்ச் நோட்டை வாங்கி, முள் காட்டாத எண்ணை எழுதி, கிராஃபை அழகான நேர்கோடாக்கி, கையெழுத்தும் வாங்கிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கு? கண்ணால் கண்டதை உள்ளது உள்ளபடி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு உணர்த்தியது ஒரு பாதிரியாரின் வாழ்க்கை.

அவர் பெயர் ஆன்ரி புரோய். 1877 பிப்ரவரி 28-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள மோர்த்தேன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அரசு வழக்கறிஞர். பையனுக்கோ பூச்சி பிடிப்பதிலும் படம் வரைவதிலும்தான் ஆசை. குருமடத்தில் சேர்ந்தபோதும் அந்த ஆசை விடவில்லை. 1900-ல் கத்தோலிக்கக் குருவானார். பங்குப் பணி ஏற்காமல் ஆதி மனிதனைப் பற்றிய ஆய்வில் ஈடுபட அனுமதியும் பெற்றார்.

அந்தக் காலத்தில் இந்த ஆய்வு எப்படி இருந்தது தெரியுமா? 1879-ல் ஸ்பெயினின் அல்தமீரா குகையில் சான்ஸ் த சௌத்துவோலா என்பவர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூட வந்த எட்டு வயது மகள் மரியா மேலே அண்ணாந்து பார்த்தாள். குகையின் கூரை முழுக்கச் செந்நிறக் காட்டெருதுகள்! இவை கற்கால மனிதன் வரைந்தவை என்று அவர் 1880-ல் நூல் வெளியிட்டார். அறிஞர்கள் சிரித்தார்கள். கற்காலத்தான் காட்டுமிராண்டி, அவனுக்கு ஏது ஓவியம் என்றார்கள். அறிவியலைக் கேலி செய்யப் பாதிரிமார்கள் செய்த சூழ்ச்சி என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். பிரான்சின் பெரிய நிபுணர் எமில் கர்த்தய்யாக் நேரில் வந்து பார்க்கவே இல்லை. மோசடிக்காரர் என்ற பழியைச் சுமந்தபடியே சௌத்துவோலா 1888-ல் கண்ணை மூடினார்.

1901 செப்டம்பர் மாதம். இருபத்து நாலு வயதுப் புரோய், கபித்தான், பெய்ரோனி ஆகிய இருவருடன் சேர்ந்து, பிரான்சில் லெ எய்சி ஊருக்கு அருகே கொம்பரேல், ஃபோன் த கோம் என்ற இரண்டு குகைகளை ஒரே வாரத்துக்குள் கண்டறிந்தார். ஒன்றில் பாறையில் கீறிய விலங்குகள், மற்றொன்றில் வண்ணக் காட்டெருதுகள். சில படங்களின் மேல் சுண்ணாம்புப் படிவு படர்ந்திருந்தது. சொட்டுச் சொட்டாகப் படியும் அந்தப் படிவுக்கு அடியில் இருக்கும் படத்தை நேற்றைக்கு வந்தவன் எப்படி வரைந்திருக்க முடியும்?

கர்த்தய்யாக்கின் மனசு அசைந்தது. 1902-ல் புரோயையும் கூட்டிக்கொண்டு அல்தமீராவுக்குப் போனார். பார்த்தார், ஒப்புக்கொண்டார். தான் செய்த தவறை அதே ஆண்டில் பகிரங்கமாக அச்சிட்டும் வெளியிட்டார். பெரிய மனுஷன் என்றால் அவரல்லவா! ஆனால் அதைப் படிக்கச் சௌத்துவோலா இல்லை. அவர் இறந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

அல்தமீராவில் புரோய் வேலை செய்த விதம், டிராயிங் ஹாலில் முதுகு வலிக்கிறது என்று முணுமுணுக்கும் நமக்கெல்லாம் ஒரு பாடம். கூரையோ தாழ்வு. கோணியைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரைந்தார். கூரையில் தாளை ஒட்டி நகலெடுத்தால் ஈரமான வண்ணம் பெயர்ந்துவிடும், எனவே கண்ணால் பார்த்தே வரைந்தார். ஈரக்காற்றில் வாட்டர்கலர் காயவில்லை, பாஸ்டல் குச்சிக்கு மாறினார். வாழ்நாளில் இப்படி நிலத்தடியில் கழித்தது 700 நாட்களுக்கும் மேல் என்று அவரே கணக்குச் சொன்னார்!

சரி, ஒரு பாதிரியார் இதையெல்லாம் செய்யலாமா? 1650-ல் அயர்லாந்துப் பேராயர் அஷர், பைபிளில் உள்ள வயதுகளைக் கூட்டி, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-ல் என்று கணக்கிட்டிருந்தார். புரோயோ பல்லாயிரம் ஆண்டுகளைப் பற்றிப் பேசினார். அது ஆபத்தான பேச்சுதான். அவரது நண்பரும் இயேசு சபைக் குருவுமான தெயார் த ஷார்தேன், 1920-களில் பாரிஸில் கற்பிக்கும் வேலையையே விடவேண்டி வந்தது. ஆனால் புரோய்க்கு இரண்டும் மோதவில்லை. குகையின் வயதைப் பாறை சொல்லும், மனிதன் யாருக்கு உரியவன் என்பதை விசுவாசம் சொல்லும் என்ற நிலையில் நின்றார். 1950-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் தோற்றத்தைப் பற்றி அறிஞர்கள் ஆராயலாம், ஆன்மா கடவுளிடமிருந்து வருவது என்று எழுதினார். புரோய் அதற்கு ஐம்பது வருஷம் முன்பே குகைக்குள் இறங்கிவிட்டார்.

1929-ல் பாரிஸின் கொலேஜ் த பிரான்சில் பேராசிரியர் ஆனார். 1940 செப்டம்பரில் நாலு பையன்கள் லாஸ்கோ குகையைக் கண்டுபிடித்தபோது, சில நாட்களிலேயே போய்ச் சேர்ந்து அதன் உண்மைத்தன்மையை உறுதி செய்த முதல் நிபுணரும் அவரே.

ஆனால் நண்பர்களே, அவரும் ஒரு இடத்தில் சறுக்கினார். நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலையில் ஒரு பாறை ஓவியம். அதைப் பார்த்தவர், இவள் மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரி என்று தீர்ப்பளித்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிதானமாகப் பார்த்தார்கள். அது பெண்ணே இல்லை, ஆண்! வரைந்தவர்களும் ஆப்பிரிக்க மண்ணின் மக்களே. கற்காலத்தானுக்கு ஓவியம் வராது என்று சொன்னவர்களை வென்றவர், ஆப்பிரிக்கனுக்கு இது வராது என்ற அதே குழியில் விழுந்தார்.

ஓவியக்கலை எளிமையில் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தது என்ற அவரது வரிசையும் நிற்கவில்லை. 1994 டிசம்பரில் கண்டறியப்பட்ட ஷோவே குகையின் சிங்கங்கள் 30,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஆனாலும் அத்தனை நேர்த்தி! அதைப் பார்க்கப் புரோய் இல்லை. 1961 ஆகஸ்ட் 14-ல் அவர் காலமானார். ஆனால் அவர் வரைந்த நகல்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. கருத்து தவறிய இடத்திலும் கை நேர்மையாக இருந்தது.

சாமி கும்பிடுகிறவனும் சரி, கும்பிடாதவனும் சரி, தனக்குப் பிடித்த விடையைச் சுவரில் தேடினால் ஏமாந்துதான் போவான். எட்டு வயது மரியாவுக்கு எந்தத் தியரியும் தெரியாது. அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

அடுத்த முறை மீட்டர் முள் நாம் நினைத்த இடத்தில் நிற்காவிட்டால், பக்கத்து நோட்டைத் தேடவேண்டாம். முள் நிற்கும் இடத்தையே எழுதுவோம். ஏன் அங்கே நின்றது என்று சாரிடம் கேட்போம். மார்க் கொஞ்சம் குறையலாம். குறையட்டுமே!