கம்பனைக் கைவிடாத யாத்திரிகர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் பெரியவர்களிடம் சீறாப்புராணத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாடிய உமறுப்புலவர், எட்டயபுரத்தோடு இணைத்துப் பேசப்படுகிறவர். அதே தென்பாண்டிச் சீமையில் பிற்காலத்தில் இன்னொரு புலவர் கம்பன் காட்டிய வழியில் கிறிஸ்தவக் காப்பியம் ஒன்றைப் பாடினார். அவர்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. நூலின் பெயர் இரட்சணிய யாத்திரிகம். இரட்சிப்பை நாடிப் போகும் பயணம் என்பது அதன் பொருள்.

கிருஷ்ணபிள்ளை 1827 ஏப்ரல் 23ஆம் தேதி திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பு என்ற ஊரில் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை, தாய் தெய்வநாயகி அம்மாள். வைணவப் பற்றுள்ள வேளாளர் குடும்பம். வீட்டில் இராமாயணமே பாட்டு, பாடம், பக்தி எல்லாம். கம்பனின் விருத்த ஓசை பிள்ளைப் பருவத்திலேயே அவர் காதில் ஏறிவிட்டது. கடைசிவரை அது இறங்கவேயில்லை.

1853இல் சாயர்புரத்தில் கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிப் புகழ்பெற்ற கால்டுவெல்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார். இலக்கணம் சொல்லிக் கொடுக்கப் போன இளைஞருக்கு வேதாகமத்தின் மீது பெரிய ஈர்ப்பு எதுவும் அப்போது இல்லை. நெற்றியில் நாமத்தோடு மிஷன் பள்ளிக்குப் போய் வருவது அந்தக் காலத் தமிழ்ப் பண்டிதர்களுக்குப் புதிதுமல்ல.

மனம் மெல்ல மெல்லத்தான் மாறியது. உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் நண்பர்கள் சிலரும் முன்னதாகவே கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அவர்களோடு பேச்சு, வாதம், இரவெல்லாம் தூக்கமில்லாத யோசனை. மதம் மாறுவது என்றால் அன்றைய வேளாளர் வீட்டில் அது ஒருவரோடு முடிகிற காரியமல்ல. தாய்க்குத் தலைகுனிவு, மனைவிக்கு ஊர்ப்பேச்சு, சொந்தபந்தத்தில் பந்திக்கு இடமில்லை. இவையெல்லாம் தெரிந்துதான் அவர் 1858இல் சென்னைக்குப் போய், மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் சேர்ந்தது. ஆனால் கிருஷ்ணன் என்ற பெயரை அவர் கழற்றிவிடவில்லை. கண்ணனின் பெயரோடேதான் கடைசிவரை தேவாலயத்துக்குப் போனார்.

சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராக வேலை பார்த்தார். பிறகு சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் எனத் தமிழ் கற்பிக்கும் வேலையிலேயே காலம் போயிற்று. பெரிய வசதி சேரவில்லை.

இனி அந்த நூலுக்கு வருவோம். அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஜான் பனியன் என்ற பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி, அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் சிறையில் அடைக்கப்பட்டு, 12 ஆண்டுகள் உள்ளே கிடந்தவர். அவர் எழுதிய கதை 1678இல் வெளிவந்தது. அழிவுக்கென்று குறிக்கப்பட்ட நகரத்திலிருந்து ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு புறப்பட்டு, சேற்றுக்குழி, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை, மரண ஆறு எல்லாவற்றையும் கடந்து மோட்ச நகரம் சேருகிறான். மோட்சப் பிரயாணம் என்ற பெயரில் அதன் உரைநடைத் தமிழாக்கம் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் படிக்கப்படுகிறது.

அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிட, அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். குடும்பத்தைத் தெய்வமாக நினைக்கிற தமிழ் வாசகருக்கு அந்த இடம் நெருடும். கிருஷ்ணபிள்ளைக்கு அது கதையல்ல. உறவுகளின் அழைப்பை மீறிப் புறப்படுவது என்னவென்று 1858இலேயே அவருக்குத் தெரியும்.

அவர் செய்தது மொழிபெயர்ப்பு என்றால் அது குறைத்துச் சொல்வதாகும். எளிய உரைநடையில் இருந்ததை 3,766 பாடல்கள் கொண்ட காப்பியமாக்கினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்தாகப் பிரித்தார். வில்லிபாரதம் படித்தவர்களுக்குப் பருவம் என்ற பிரிவும், கம்பன் படித்தவர்களுக்கு அதன் ஓசையும் பழகியவை. பனியன் தனியே விரித்துச் சொல்லாத இயேசுவின் பாடுகளை இவர் உள்ளே கொண்டுவந்து விரிவாகப் பாடினார். கட்டுண்டு, இகழப்பட்டு, வாய் திறக்காமல் நிற்கும் இயேசுவை அவர் வருணிக்கும் பகுதி நூலின் உச்சம். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களையும் வைத்தார். சைவர்களின் சொல்லைக் கிறிஸ்தவப் பாட்டுக்கு வைக்க அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை.

நற்போதகம் என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்த அந்தக் காப்பியம், 1894இல் நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது 67. பின்னாளில் தமிழறிஞர்கள் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றார்கள்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இரட்சணிய யாத்திரிகத்தை முழுதும் படித்தவர்கள் குறைவு. அதன் நடை பண்டிதர் நடை. அகராதி பக்கத்தில் வேண்டும். சாதாரண விசுவாசிகள் உரைநடை மோட்சப் பிரயாணத்தோடு நின்றுகொண்டார்கள். ஆனால் அவருடைய இரட்சணிய மனோகரத்திலிருந்து எடுத்த பாடல்கள் திருச்சபைகளில் பரவின. யார் எழுதியது என்று தெரியாமலே பாடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

1900 பிப்ரவரி 3ஆம் தேதி கிருஷ்ணபிள்ளை காலமானார். தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இரட்சணிய யாத்திரிகத்தின் சில பாடல்கள் சேர்க்கப்பட்டன. அதே புத்தகத்தில் கம்பராமாயணமும் இடம்பெற்றது.