டாக்டர் சுப்பாராவ்

நமது கண்டி நகரிலும் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் நியூமோனியாச் சுரம் புகுந்த வீடு ஒருகாலத்தில் நம்பிக்கை இழந்த வீடாகவே இருந்தது. அந்நோயை எதிர்க்கும் மருந்தொன்றுக்கு வழிவகுத்தவரும் நம்மைப்போல் இந்துக் கல்விக்கூடமொன்றின் பழைய மாணவரே என்பதை நம்மிற் பலர் அறியார்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். மருத்துவக் கல்லூரியில் அவர் கதர் அணிந்தமை ஆசிரியர் ஒருவரின் சினத்தை மூட்டிற்று. முழுப்பட்டம் கிட்டாது எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. நினைக்க இன்றும் நமக்குக் கூசுகிறது.

அமெரிக்கா சென்று ஹாவார்ட் சர்வகலாசாலையில் ஆராய்ந்த அவர், 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையில் மண்வாழ் நுண்ணுயிர்களை ஆராய்ந்த முதியவர் டக்கர் ஓரியோமைசினைக் கண்டார். பெனிசிலினுக்கு அசையாத ஒருவகை நியூமோனியாவும் அதற்குப் பணிந்தது. யானைக்கால் நோய்க்கென 1947இல் அக்கூடம் அறிவித்த ஹெட்ரசானோ, இரவெல்லாம் இருமவைக்கும் ஈசினோபீலியா என்னும் நுரையீரல் நோய்க்கும் பின்னர் மருந்தாயிற்று.

ஓரியோமைசின் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். புகழ் டக்கரைச் சேர்ந்தது. அம்முதியவரின் உழைப்பைக் குறைத்தல் நம் நோக்கமன்று. சுப்பாராவ் மேடைகளில் முன்னிற்க விரும்பாதவர். கடல் கடந்தபின் ஒருமுறையேனும் தாயகம் திரும்ப அவருக்கு வாய்க்கவில்லை.