குளிர்கால இரவுகளின் கதையரசி

துப்பறியும் நாவல் என்றாலே நம் பெற்றோருள் சிலர் முகம் சுளிப்பர். பாடப் புத்தகத்தின் நடுவே அதனை மறைத்து வைத்துப் படிக்கும் மாணவியரும் உளர் என்பதை நாம் அறிவோம், பெயர் வேண்டாம்! ஆயினும், அக்கதைகளைப் படைத்த ஓர் அம்மையாரின் வாழ்வை ஒளிக்காமலே படிக்கலாம். பொழுதுபோக்குக்காக எழுதியவர் என்று எளிதாக ஒதுக்கப்படும் அகதா கிறிஸ்டி, தம் வாழ்வில் பட்டது கொஞ்சநஞ்சமன்று.

இங்கிலாந்தின் தென்மேற்கே, கடலோர ஊராகிய டார்கியில் 1890 செப்டம்பர் 15 அன்று அகதா பிறந்தார். தந்தை பிரெடரிக் மில்லர் அமெரிக்கர், தாயார் கிளாரா. எட்டு வயதுக்கு முன் பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது என்பது அத்தாயின் விசித்திரமான எண்ணம். குழந்தையோ ஐந்து வயதிலேயே தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டு விட்டது. பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பப்படாததால் எழுத்துப் பிழைகள் மட்டும் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. (இதனைச் சான்றாகக் காட்டித் தமிழாசிரியையிடம் வாதாட வேண்டாம் என்று மாணவியரைக் கேட்டுக்கொள்கிறோம்.)

பதினோரு வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் தாயும் மகளும் கிறிஸ்து பிறப்பு விழாவை மூத்த சகோதரி மாட்ஜின் புகுந்த வீட்டாருடன் கொண்டாடினர். மான்செஸ்டர் நகருக்கருகில் இருந்த ஆப்னி ஹால் என்னும் மாளிகை அது. வெளியே கடுங்குளிர், உள்ளே ஓயாமல் எரியும் கணப்பு, நீண்ட தாழ்வாரங்கள், படிக்கட்டுகள், ஒளிந்து விளையாட எண்ணற்ற மூலைகள். விருந்தைச் சொல்லவே வேண்டா. சூப், மீன், வேகவைத்த வான்கோழி ஒன்று, வாட்டிய வான்கோழி ஒன்று, மாட்டிறைச்சி, இவற்றுக்குப் பின் பிளம் புட்டிங்கும் இனிப்புகளும். அவ்வீட்டுப் பையன் ஒருவனோடு போட்டியிட்டு ஒன்றையும் விடாமல் உண்டதை அகதா முதுமையிலும் பெருமையோடு நினைத்துக்கொண்டார். 1960-இல் கிறிஸ்துமஸ் புட்டிங்கின் பெயரால் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டபோது, அதனை அந்த ஆப்னி ஹாலின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அவர் கதைகளில் வரும் பெரிய மாளிகைகள் பலவற்றிலும் அவ்வீட்டின் சாயலை நாம் காணலாம்.

அகதா மிகுந்த கூச்ச சுபாவமுடையவர். பாரிஸ் நகரில் இசை பயின்றும், பிறர் முன்னிலையில் பியானோ வாசிக்க நேரும்போது கை நடுங்கியதால் அக்கனவைக் கைவிட நேர்ந்தது. அவர் எழுத்துலகில் புகுந்தது மேடையேறியன்று, படுக்கையில் படுத்துத்தான். ஒரு குளிர்காலத்தில் புளூ காய்ச்சல் கண்டு, தேறி வரும் நாட்களில் பொழுது போகாமல் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு கிடந்தார். அதைக் கண்ட தாயார், ஒரு கதை எழுதிப் பார்க்கும்படி கூறிப் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் தேடிக் கொடுத்தார். தம்மால் இயலும் என்று மகள் நம்பவில்லை. முயலாமலே எப்படித் தெரியும் என்பது தாயின் கட்சி. உலகமே படித்த ஓர் எழுத்தாளரின் தொடக்கம் இதுவே. பின்னர் மாட்ஜ், துப்பறியும் கதை எழுதுவது உன்னால் ஆகாத காரியம் என்று சீண்டிவிட்டாள். அக்காமார் செய்யும் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் முன்தினம், விமானப் படையில் பணியாற்றிய ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டியை அகதா மணந்தார். கணவர் போர்முனைக்குத் திரும்ப, இவர் டார்கியிலிருந்த செஞ்சிலுவை மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். பிறகு மருந்து கலக்கும் பகுதிக்கு மாற்றப்பட்டார். நம் வழக்கில் சொன்னால் கம்பவுண்டர் வேலை. 1917-இல் அதற்குரிய தேர்விலும் தேறினார். எது மருந்து, எந்த அளவில் அது நஞ்சு என்பதை அங்குதான் கற்றார். பயிற்சியளித்த மருந்தாளர் ஒருவர் ஒருநாள் கணக்கில் புள்ளியை இடம் மாற்றி வைத்து, நஞ்சுச் சரக்கை அளவுக்கு மீறிச் சேர்த்து விட்டதை அகதா கவனித்தார். பெரியவரிடம் பிழை என்று சொன்னால் அவர் ஏற்க மாட்டார். சொல்லாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. என்ன செய்தார் தெரியுமா? கால் இடறியவர் போலத் தட்டைக் கவிழ்த்து, கீழே சிதறிய மருந்துகளைக் காலால் மிதித்தும் விட்டார்! மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்ற பெண்ணைக் கண்டு அவருக்கு ஐயமே எழவில்லை. ஒரு கூச்சக்காரப் பெண்ணுக்கு இவ்வளவு சமயோசிதம் இருந்தது வியப்பன்றோ!

மருந்து அறையில் வேலை குறைந்த வேளைகளில்தான் முதல் துப்பறியும் நாவல் உருவாயிற்று. அந்நாளில் டார்கியில் பெல்ஜிய அகதிகள் தங்கியிருந்தனர். அவர்களைக் கண்டே, முட்டைத் தலையும் முறுக்கிய மீசையுமாக ஹெர்குயூல் பாய்ரோ பிறந்தார். பாதியில் கதை தடைப்பட்டபோது, விடுமுறையில் தனித்திருந்து முடித்துவர டார்ட்மூர் மேட்டுநிலத்துக்கு அனுப்பி வைத்தவரும் தாயாரே. பல பதிப்பகத்தார் திருப்பியனுப்பிய அந்நூல் 1920-இல் வெளிவந்தது. அவருக்குக் கிடைத்த ஊதியம் 25 பவுன் மட்டுமே. ஆனால் நஞ்சுகளைப் பற்றிச் சரியாக எழுதியிருப்பதாக மருந்தாளுநர்களின் பத்திரிகை பாராட்டியதே அவருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

அடுத்து வந்தது 1926. அவ்வாண்டு ஏப்ரலில் தாயார் காலமானார். பிறந்த வீட்டின் பொருள்களைத் தனியொருவராக ஒழித்து ஒதுக்கிக்கொண்டிருந்த அகதாவிடம், ஆகஸ்டில் கணவர் மணவாழ்வை முறித்துக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்தார். டிசம்பர் 3 இரவு அகதா காரில் வீட்டை விட்டு வெளியேறினார். மறுநாள் காலை கார் மட்டும் கில்போர்டு அருகே கிடந்தது. அந்தக் குளிரில் அவருடைய மேலங்கி காருக்குள்ளேயே இருந்தது. போலீசாரும் பொதுமக்களும் காடுமேடெல்லாம் தேடினர். பத்திரிகைகள் நாள்தோறும் புதுப்புதுக் கதை கட்டின. பதினொரு நாட்களுக்குப்பின், ஹாரோகேட் என்னும் ஊரிலுள்ள ஓட்டலொன்றில் வேறு பெயரில் தங்கியிருந்த அவரை அங்கு வாத்தியம் இசைப்போர் அடையாளம் கண்டனர். நினைவு தவறிவிட்டது என்றனர் மருத்துவர்கள்; விளம்பரத்துக்காகச் செய்த நாடகம் என்று ஏசினர் சிலர். தம் தன்வரலாற்றில் அந்நாட்களைப் பற்றி அகதா ஒரு சொல்லும் எழுதவில்லை. நாமும் துருவ வேண்டாம். தாயை இழந்து, வீட்டை இழந்து, ஊரார் வாயில் விழுந்த ஒரு பெண்ணின் மௌனத்தை மதிப்பதே முறை.

அதன்பின் ஏழு வயது மகள் ரோசலிந்தை வளர்க்கப் பணம் வேண்டியிருந்தது. மகளுடன் கனாரித் தீவுகளுக்குச் சென்று, மனமே ஒட்டாத நிலையில், ஒப்புக்கொண்ட நாவலைப் பிடிவாதமாக எழுதி முடித்தார். அந்நூல் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவேயில்லை. ஆனால் ஆசைக்கு எழுதுபவராக இருந்தவர் தொழிலாக எழுதுபவராக மாறியது அந்நாளில்தான். அழுகையோடு எழுதிய அந்தப் புத்தகத்தை நாம் அவருடைய சிறந்த நூல்களுக்கும் மேலாக மதிக்கிறோம்.

1928-இல் மணமுறிவு ஏற்பட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலேறித் தனியே பாக்தாத் சென்றார். 1930-இல், ஊர் என்னும் தொல்நகரத்தின் அகழாய்வில் பணிபுரிந்த மாக்ஸ் மாலோவனைச் சந்தித்து, அவ்வாண்டே மணந்தார். பிற்காலத்தில் நிம்ருத் அகழாய்வில், மண்ணிலிருந்து எடுத்த பழைய தந்தச் சிற்பங்களைப் பின்னலூசியாலும் முகத்துக்குத் தடவும் கிரீமாலும் நுணுக்கமாகத் துடைத்துச் சுத்தம் செய்தவர் இவரே. நாவலாசிரியரின் கைப்பையில் இருந்த பொருள் அருங்காட்சியகத்துக்குப் பயன்பட்டது!

இவ்வம்மையாரின் விருப்பு வெறுப்புகள் சுவையானவை. ஆப்பிள், காப்பியின் மணம், ரயில் வண்டி, நாடகம், கணக்குப் புதிர், கடலில் நீந்துதல், நாய்கள் ஆகியன பிடிக்கும். குளியல் தொட்டியில் அமர்ந்து ஆப்பிள் கடித்தபடியே கதை யோசிப்பார். மதுவும் புகையும் அறவே ஆகா. பாலாடையைத்தான் கோப்பை கோப்பையாகக் குடிப்பார். கூட்டம், இரைச்சல், மங்கிய வானம் பிடிக்காது. எல்லாவற்றிலும் கடுமையாக வெறுத்தது சூடான பாலை! இரவுதோறும் தம்ளரோடு துரத்தும் அன்னையர் இவ்வரியை மட்டும் விட்டுப் படிப்பார்களாக. தம் நூல்களுள் 'குரூக்கட் ஹவுஸ்', 'ஆர்டீல் பை இன்னசென்ஸ்' ஆகிய இரண்டே தமக்கு மிகவும் நிறைவளித்தன என்று கூறினார்.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய புது நூலை வெளியிடுவதைப் பதிப்பகத்தார் வழக்கமாக்கிக் கொண்டனர். கணப்பருகே போர்வையைப் போர்த்துக்கொண்டு அதைப் படிப்பது பல குடும்பங்களின் விழாக்கால இன்பமாயிற்று. பாய்ரோவைவிடக் கணப்பருகே பின்னலாடை பின்னியபடியே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கிழவி மிஸ் மார்ப்பிள்தான் நமக்குப் பிடித்தவர். அவளிடம் துப்பாக்கி இல்லை. தன் சிற்றூரில் பார்த்த மனிதர்களை நினைவில் வைத்திருப்பதே அவளது திறமை.

மேரி மகாராணியின் 80-ஆம் பிறந்த நாளுக்காக 1947-இல் எழுதிய சிறு வானொலி நாடகம், 'தி மவுஸ்டிராப்' என விரிந்து 1952 நவம்பர் 25 அன்று லண்டன் மேடையேறியது. பனியில் அகப்பட்டு வெளியேற வழியற்றவர்களின் கதை. சில மாதங்கள் ஓடினால் போதும் என்று எண்ணினார். கொள்ளைநோய் 2020 மார்ச்சில் அரங்கை மூடும்வரை அது இடைவிடாது நடந்தது. 2021 மே மாதம் மீண்டும் தொடங்கி, 2022-இல் 70 ஆண்டுகளை நிறைவு செய்தது. அதன் உரிமையைச் சிறுவனாயிருந்த பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார் பாட்டி!

நம் திருச்சபை வரலாற்றிலும் அவர் பெயர் ஓரிடம் பெற்றது. பழைய இலத்தீன் திருப்பலி முறையை முற்றும் கைவிட வேண்டாம் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பருக்கு 1971-இல் அனுப்பிய விண்ணப்பத்தில், கத்தோலிக்கரல்லாத அகதாவும் ஒப்பமிட்டார். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்குக் கிடைத்த சலுகைக்கு 'அகதா கிறிஸ்டி அனுமதி' என்றே பெயர் வழங்கலாயிற்று. அரசியார் அவருக்கு 'டேம்' பட்டம் அளித்ததும் அதே ஆண்டில்தான்.

1976 ஜனவரி 12 அன்று, வாலிங்போர்டில் உள்ள தம் வின்டர்புரூக் இல்லத்தில் அகதா காலமானார். மறு ஆண்டு, கத்தார் நாட்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட 19 மாதப் பெண் குழந்தை ஒன்று, இன்ன நோயென்று தெரியாமல் மருத்துவமனையில் நினைவு மங்கிக் கிடந்தது. பணியிலிருந்த செவிலி அப்பொழுது 'தி பேல் ஹார்ஸ்' என்னும் அகதாவின் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முடி உதிர்வதைக் கண்டதும், அக்கதையில் வரும் தாலியம் என்னும் நஞ்சு அவர் நினைவுக்கு வந்தது. மருத்துவர்களிடம் தயங்காமல் சொன்னார். சோதித்தனர், தாலியமே. அதற்குரிய சிகிச்சை அளிக்கப்பட்டுக் குழந்தை பிழைத்தது.