விளையாட்டுப் பள்ளி கண்ட கொமேனியஸ்

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தங்கைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஆங்கிலம் பேசப் பழக்கும் பணி, பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. முதல் இரு வாரங்கள் கரும்பலகை நிறைய இலக்கணம் எழுதிப் போட்டோம். தங்கைகள் அழகாகப் பார்த்து எழுதிக் கொண்டார்கள். வாயை மட்டும் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பைக்குள் சீப்பு, பூட்டு, தேங்காய் மூடி முதலியவற்றைப் போட்டுக் கட்டி, உள்ளே இருப்பது என்ன என்று ஆங்கிலத்திலேயே கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னோம். வகுப்பே அமளிப்பட்டது! அதுவரை ஒரு சொல்லும் பேசாத சிறுமி ஒருத்தி, அது பூட்டா என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த சிஸ்டர், இம்முறைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியவர் ஒருவர் உண்டு என்றார்கள். அவர்தாம் ஜான் ஆமோஸ் கொமேனியஸ்.

இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் 1592 மார்ச் 28-ஆம் நாள் அவர் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் தாய் தந்தையரை இழந்தார். பதினாறாம் வயதில்தான் லத்தீன் பள்ளியில் சேர முடிந்தது. லத்தீன் அந்நாளில் கற்றோரின் மொழி. இன்று நமக்கு ஆங்கிலம் இருப்பதுபோல. பொருள் விளங்காத விதிகளை மனப்பாடம் செய்வதும், தவறினால் அடி வாங்குவதுமே அன்றைய படிப்பு. மற்றவர்களைவிட மூத்த பையனாக இருந்ததால், குறை மாணவனிடம் இல்லை, கற்பிக்கும் முறையில்தான் உள்ளது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பின்னர் அவர் தம் சபையில் குருவானார். இவ்விடத்தில் எங்களுக்குச் சற்றுச் சங்கடம். அவர் சார்ந்தது சீர்திருத்தச் சபை. 1620-இல் நடந்த போரில் வென்ற கத்தோலிக்க அரசு, அச்சபையினரை நாட்டைவிட்டு விரட்டியது. ஒளிந்து வாழ்ந்த காலத்தில் அவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளைநோயில் மாண்டனர். 1628-இல் நாட்டைவிட்டு வெளியேறியவர் திரும்பி வந்து வாழவே இல்லை. நம் திருச்சபையைச் சேர்ந்த அரசர் செய்தது என்பதற்காக இதை மறைப்பது முறையன்று. ஆனால் இன்னொன்றும் உண்டு. 1631-இல் ஐரோப்பா முழுதும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த மொழிப் பாடநூலுக்கு வித்திட்டது, அயர்லாந்து இயேசு சபைக் குருக்கள் ஸ்பெயினில் 1611-இல் வெளியிட்ட ஒரு நூல். நூலின் பெயரைக்கூட அவர்களிடமிருந்தே எடுத்துக் கொண்டார். நல்லதை எவரிடமிருந்தும் கற்க அவர் தயங்கவில்லை.

1650-இல் ஹங்கேரியிலுள்ள சாரோஷ்பதாக் பள்ளிக்கு அவரை அழைத்தார்கள். அங்கேயும் மாணவர்கள் லத்தீன் பேச அஞ்சினர். தம் பாடநூலையே எட்டு நாடகங்களாக மாற்றினார் கொமேனியஸ். கதை மிக எளிது. அரசர் ஒருவர் அறிஞர்கள் சூழ வீற்றிருப்பார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, தாம் இன்னார், கையிலிருப்பது இன்ன பொருள், அதன் பயன் இது என்று சொல்ல வேண்டும். நீளமான வசனம் எவருக்கும் இல்லை. பொருளைத் தொட்டுக் காட்டியபடியே பேசுவதால் சொல் மறக்காது. பேசுவது அரசனோ தொழிலாளியோ ஆகையால் நாணமும் வராது. எங்கள் பை விளையாட்டில் நடந்ததும் இதுதானே! நாடகம் படிப்பைக் கெடுக்கும் என்று முதலில் எதிர்த்தவர்களும் இருந்தனர். மேடையேறிய பின்னர் பார்த்தவர்கள் மகிழ்ந்தனர். அந்நாடகங்களின் தொகுப்புக்கு விளையாட்டுப் பள்ளி என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்.

1656-இல் மற்றொரு போர். அவர் குடியிருந்த போலந்து நகரம் லெஷ்னோ எரிந்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் தொகுத்து வந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி சாம்பலாயிற்று. அப்போது வயது அறுபத்து நான்கு. வேறொருவராயின் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். இவரோ ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். இரண்டே ஆண்டில், 1658-இல், அவருடைய படப் பாடநூல் நூரம்பர்க்கில் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் எழுத்துகளைக் கற்பிக்கக் காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது, பாம்பு சீறுகிறது! பிள்ளைகள் அவற்றைப்போல் ஒலி எழுப்பியே எழுத்துகளைப் பழகினர். மறு ஆண்டே அது ஆங்கிலத்தில் வெளிவந்தது.

1670 நவம்பர் 15-ஆம் நாள் அவர் காலமானார். ஹாலந்திலுள்ள நார்டன் ஊரில் அவர் கல்லறை உள்ளது. செக் நாட்டில் அவர் பிறந்த நாளே ஆசிரியர் தினம்.

வரும் சனிக்கிழமை அவருடைய அரசர் விளையாட்டைத் தங்கைகளோடு ஆங்கிலத்தில் நடத்தப் போகிறோம். அட்டைக் கிரீடம் தயார். அரசி யார் என்பதில்தான் ஆறாம் வகுப்பில் இன்னும் சண்டை ஓயவில்லை. அதையும் ஆங்கிலத்திலேயே போடச் சொல்லியிருக்கிறோம்.