கழட்ட வராத டைட்டானியம்

முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் பக்கம் போயிருக்கீங்களா? பல்லைப் பிடுங்கிட்டு, பஞ்சைக் கடிச்சபடி யாராவது வர்றதைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பள்ளத்துல ரத்தம் உறைஞ்சு, மெல்ல எலும்பு வளரும். ஆனா பல் இல்லாத தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையவும் செய்யும். அங்கே ஒரு ஸ்க்ரூ நட்டா நிக்குமா? நிக்கும்னு காட்டியவர் பல் டாக்டரே இல்லை.

பெர்-இங்வார் பிரோனெமார்க், 1929-ல் ஸ்வீடனில் பிறந்தவர். எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்க, 1952-ல் முயலோட கால் எலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிஞ்சு கழட்டப் போனா, வரல. எலும்பு அதோட ஒட்டிக்கிச்சு. நம்ம லேப்ல இப்படி மாட்டிக்கிட்டா திட்டிட்டுப் போயிடுவோம். அவர் அதையே பிடிச்சுக்கிட்டார்.

1965-ல் கோஸ்டா லார்சன் என்பவரோட கீழ்த்தாடையில் டைட்டானிய ஸ்க்ரூக்களை வெச்சார். உடனே பல் மாட்டல. மாசக்கணக்கில் காத்திருந்தார். ஆறுற நேரத்துல ஸ்க்ரூ அசைஞ்சா, எலும்புக்குப் பதிலா நார்த்திசுதான் வளரும். (சிகரெட் பிடிக்கிறவங்க கவனிங்க, புகை ரத்த ஓட்டத்தைக் குறைச்சு இந்த ஆறுதலைக் கெடுக்கும்.)

ஸ்வீடன் பல் மருத்துவர்கள் பலர் வருஷக்கணக்கா நம்பல. 1982 டொரன்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பிரோனெமார்க் 2014-ல் காலமானார். லார்சன் அதுக்கு முன்னாடியே, 2006-ல். சாகுற வரைக்கும் அந்த ஸ்க்ரூக்களை நம்பித்தான் சாப்பிட்டார்.